மேற்படி வக்கீல்

ராயபுரத்தில் அந்த வக்கீலைத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் அவரைத் திட்டுவார்கள். மீதிப் பாதி அவரிடம் வழக்கைக் கொடுத்தவர்கள். அவர்கள் இன்னும் கொஞ்சம் சத்தமாகத் திட்டுவார்கள்.

நான் இந்த இரண்டு கட்சியிலும் இல்லை. என் ஜெராக்ஸ் கடைக்கு நேர் மேலே மாடியில் அவருடைய ஆபீஸ் இருந்தது. பதினோரு வருஷம் அவருடைய மனுக்களையெல்லாம் டைப் அடித்துக் கொடுத்தவள் நான். ஒரே மனுவை ஏழு முறை திருத்துவார். ஆறாவது முறை வரைக்கும் மனதுக்குள் திட்டிக்கொண்டே அடிப்பேன். ஏழாவது முறை அச்சான தாளைப் படித்துப் பார்த்தால் கை உடைந்தவன் எதிரே வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். அதனால் ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிடுவேன்.

குள்ளமான, பருத்த ஆள். முன்னந்தலைக்கு மட்டும் மை பூசுவார். பின்னால் இருப்பது தனக்குத் தெரியாது என்பதால் அது நரைத்தே கிடக்கும். சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருப்பார். அதில் ஒன்றுதான் எழுதும். அது எது என்று ஒவ்வொரு முறையும் தேடுவார். அப்பா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து பருப்பு மொத்த வியாபாரம் செய்தவர். அண்ணன் தம்பிகளெல்லாம் வியாபாரத்தில் நன்றாக இருந்தார்கள். இவர் மட்டும் நஷ்ட ஈட்டு வழக்குகளையே எடுத்துக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் விரல் போனவர்கள், கன்டெய்னர் லாரியில் அடிபட்டவர்கள், ஆலைப் புகையில் நெஞ்சு அடைத்தவர்கள் என்று மாடிப்படியில் எப்போதும் கூட்டம் இருக்கும். அவர் மனைவி பள்ளி ஆசிரியை. ஓய்வு பெற்றதும் அவரைக் கையோடு ஊருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் மாடியில் ஒரு டியூஷன் சென்டர் வந்துவிட்டது.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. தன் உடம்பில் படாத எதையும் கோர்ட்டில் சொல்ல மாட்டார். "மேல பட்டாத்தான் சிஸ்டர் வாயில வருது" என்பார். என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். நான் சார் என்பேன்.

துறைமுகக் குடோனில் மூட்டை தூக்கிய ஒருவருக்கு முதுகெலும்பு விலகிப்போய்விட்டது. 'மூட்டையின் எடை விதிக்கு உட்பட்டதே' என்று எதிர்த்தரப்பு எழுதிக் கொடுத்தது. இவர் நேராகக் குடோனுக்குப் போய், "ஒண்ண என் முதுகுல ஏத்துங்கப்பா" என்று குனிந்து நின்றிருக்கிறார். நாலு அடி நடந்தார். ஐந்தாவது அடியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அங்கிருந்தவர்கள் அவரை மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் படுக்கவைத்து என் கடை வாசலுக்குக் கொண்டுவந்தார்கள்.

"இன்னா யக்கா, உன் வக்கீல எங்க எறக்கட்டும்?" என்று வண்டிக்காரர் கேட்டார், ஏதோ பேப்பர் பண்டல் வந்த மாதிரி.

கடைத் தரையில் மல்லாந்து படுத்தபடியே எனக்கு டிக்டேஷன் கொடுத்தார். "எழுதிக்கோங்க சிஸ்டர். நாலு அடி வரைக்கும் கோவம் வருது. அஞ்சாவது அடியில அழுகை வருது. இந்த வித்தியாசம் டாக்டர் சர்டிபிகேட்ல இல்ல."

அந்த மூட்டைக்காரருக்கு நஷ்ட ஈடு கிடைத்தது. வக்கீல் நாலு மாதம் இடதுபக்கம் சாய்ந்தே நடந்தார்.

அவருடைய பழக்கம் எப்போதும் கட்சிக்காரருக்குச் சாதகமாகவே முடிந்தது என்று சொல்ல முடியாது. ராத்திரி ஷிப்டு பார்க்கும் கிரேன் ஆபரேட்டர் ஒருவர் வந்தார். வீட்டுக்குப் பின்னால் கன்டெய்னர் யார்டு வந்துவிட்டது, இரும்புச் சத்தத்தில் பகலில் தூக்கமே இல்லை என்றார். வக்கீல் ஒருநாள் பன்னிரண்டு மணி வெயிலில் அந்த வீட்டுக்குப் போய்ப் பாயைப் போட்டுப் படுத்தார். சாயந்தரம் ஐந்து மணிக்கு அந்த வீட்டு அம்மா டீ போட்டுக்கொண்டு வந்து மூன்று தடவை எழுப்பியும் எழவில்லையாம். எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னார்: "நல்ல காத்துப்பா உன் வீட்ல. வருஷக்கணக்கா இப்படித் தூங்கல."

"யோவ், நீ என் வக்கீலா, அவனுங்க வக்கீலா?" என்று அந்த ஆள் கத்தினார்.

"உன் வக்கீல்தான். ஆனா தூக்கம் வந்துடுச்சே. நான் என்ன பண்ண?"

வழக்குக் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டு நாளில் எங்கள் சுவரில் 'கம்பெனியின் கைகூலி வக்கீலே வெளியேறு' என்று போஸ்டர் ஒட்டியிருந்தது. இவர் அதன் முன்னால் நின்று, எழுதுகிற பேனாவைத் தேடி எடுத்து, 'கைகூலி'க்கு நடுவில் ஒரு 'க்' சேர்த்துவிட்டு மாடி ஏறினார்.

மணலி வழக்கில் இதைவிட மோசம். ஒரு ரசாயன ஆலையின் நெடி தாங்க முடியவில்லை என்று ஒரு தெருவே சேர்ந்து வழக்குப் போட்டிருந்தது. இவர் அந்தத் தெருவில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து இரண்டு மாதம் குடியிருந்தார். விசாரணையில் நீதிபதி, "நீங்களே தங்கிப் பார்த்தீங்களாமே, நெடி எப்படி இருந்தது?" என்று சும்மாதான் கேட்டார்.

"முதல் வாரம் மூச்சு முட்டிச்சு ஐயா. இப்ப ஒண்ணுமே தெரியல."

எதிர்த்தரப்பில் கைதட்டாத குறை. தெருக்காரர்கள் கோர்ட் வாசலிலேயே அவரைச் சூழ்ந்துகொண்டு சட்டையைப் பிடித்துவிட்டார்கள். அன்று வீட்டுக்குப் போனவருக்கு அவர் மனைவி சாப்பாடு போட்டிருக்கிறார். முந்தின நாள் சாம்பார், ஊசிப்போனது. கொட்டுவதற்காக எடுத்து வைத்திருந்ததை இவர் தானாகவே எடுத்து ஊற்றிக்கொண்டு, "இன்னிக்கு சாம்பார் பிரமாதம்" என்று இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டாராம். டீச்சரம்மா மறுநாளே மூக்கு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். மோப்பமே போய்விட்டிருந்தது. பிறகு அந்தத் தெருவே வரிசையில் நின்று மூக்கைக் காட்டியது. பாதிப்பேருக்கு இதே கதை. அதை வைத்துத்தான் வழக்கு ஜெயித்தது. மற்றவர்களுக்குச் சிகிச்சையில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. இவருக்குத் திரும்பவில்லை. கடைசிவரை மல்லிகைப்பூவும் மண்ணெண்ணெயும் அவருக்கு ஒன்றுதான்.

இதெல்லாம் அந்த மீன் விவகாரத்துக்கு முன்னால்.

எண்ணூர்க் கழிமுகத்தில் ஒரு கம்பெனிக் குழாயிலிருந்து கறுப்பு எண்ணெய் கொட்டிப் பரவிய வருஷம் அது. படகுகள் நின்றன. நஷ்ட ஈடு யார் யாருக்கு என்று தீர்மானிக்க, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை நியமித்தார்கள். படகு வைத்திருந்தவர் பெயர் பட்டியலில் ஏறியது. வலை வைத்திருந்தவர் பெயரும் ஏறியது. தலையில் கூடை வைத்து வீடு வீடாக மீன் விற்ற பெண்களின் பெயர் ஒன்றுகூட ஏறவில்லை.

முப்பத்தெட்டுப் பெண்கள் ஒருநாள் காலை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். என் கடைக்கு வந்தவர்கள் உள்ளே நுழைய வழியில்லை. அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் தேசராணி. ஐம்பது வயது இருக்கும். அவள் மெதுவாகப் பேசினாலே எதிர்வீட்டு நாய் எழுந்து நிற்கும்.

"படவுக்கு குடுக்கிறான், வலைக்கு குடுக்கிறான். எங்க தலைக்கு இன்னா குடுப்பான்? அத்த கேளு வக்கீலு, அது போதும்" என்றாள்.

விசாரணை திருவொற்றியூரில் ஒரு சமுதாயக் கூடத்தில் நடந்தது. மனுக்கட்டைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். முந்தின நாள் யாருக்கோ வளைகாப்பு. நீதிபதியின் மேசைக்குப் பின்னால் ரோஜா நிறத்தில் ஜரிகைத் தோரணம் தொங்கிக்கொண்டிருந்தது. கம்பெனியின் வக்கீல் அதன் கீழே நின்று மிக மெல்லிய குரலில் பேசினார். கோபமே வராத மனிதர். அதனால் அவரைப் பார்த்தாலே நமக்குக் கோபம் வரும்.

"ஐயா, இவங்க விக்கிறது கழிமுகத்து மீன் இல்ல. காசிமேட்ல ஏலம் எடுத்து விக்கிறாங்க. அது ஆழ்கடல் மீன். அதுல எண்ணெய் இல்ல. அப்ப விற்பனை எப்படிப் பாதிக்கும்? பாதிச்சதுன்னா ரசீது எங்கே, கணக்கு எங்கே?"

தலையில் கூடை வைத்திருப்பவளிடம் ரசீது ஏது? எங்கள் வக்கீல் எழுந்து, இரண்டு வாரம் அவகாசம் வேண்டும் என்றார். கிடைத்தது. படி இறங்கும்போதே தேசராணியிடம் கேட்டார்: "உங்ககிட்ட இன்னொரு அன்னக்கூடை இருக்கா?"

அன்னக்கூடை என்பது அந்தப் பெண்கள் மீன் சுமக்கும் பெரிய அலுமினியப் பாத்திரம்.

"கீது. இன்னாத்துக்கு?"

"நாளைக்கு நானும் வரேன்."

தேசராணி என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அன்றிலிருந்து பத்து நாள் வக்கீல் மீன் விற்றார். விடியும்போது தேசராணியோடு காசிமேட்டுக்குப் போய் மீன் எடுப்பார். அவருக்கு மோப்பம் கிடையாது. வஞ்சிரத்துக்கும் பாறைக்கும் வித்தியாசமும் தெரியாது. தேசராணிதான் முகர்ந்து பார்த்து எடுத்துக் கொடுப்பாள். "இவன இட்டுகினு வந்தது ஒரு பேஜாரு. தலையில கூட, கையில புக்கு. கூவுடான்னா மந்திரம் ஓதுறான்" என்று என் கடையில் வந்து குறைப்பட்டுக்கொண்டாள். உண்மைதான். முதல் நாள் அவர் கோர்ட் குரலில், "மீன் இருக்கிறது, தேவைப்படுவோர் வரலாம்" என்று சொல்லிக்கொண்டு போனதை நானே பார்த்தேன். கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் கிளம்பினார். பெண்கள் சேர்ந்து கழற்றவைத்தார்கள். சும்மாடு, அதாவது தலைக்கும் கூடைக்கும் நடுவில் வைக்கிற துணிச்சுருள், அவருக்குக் கடைசிவரை சரியாக உட்காரவே இல்லை. மீன் தண்ணீர் வழிந்து முன்னந்தலை மையெல்லாம் நெற்றியில் இறங்கியிருக்கும்.

ஆனால் வாங்கத்தான் ஆளில்லை. கதவைத் திறக்கிறவர்கள், "எண்ணெ மீனா?" என்று கேட்டுவிட்டுச் சாத்திவிடுவார்கள்.

"இது காசிமேட்டு மீன்மா. எண்ணூர் மீன் இல்ல."

"அல்லாம் ஒரே கடலுதானே?"

"நீங்க அந்த எண்ணெய நேர்ல பாத்தீங்களா?"

"பாக்கல."

"அப்ப இந்த மீன்ல எண்ணெய் இருக்குன்னு எதை வச்சு சொல்றீங்க?"

"இதா, இப்புடி கேள்வி கேக்கிற மீன்காரன இதுக்கு முன்ன பாத்ததில்ல. அத வச்சுதான்."

கதவு சாத்திக்கொள்ளும். நிறைந்த கூடையோடு திரும்புவார்கள். மிச்ச மீன் எங்கள் தெருவுக்கே விநியோகம் ஆனது. டீச்சரம்மா நாலாம் நாள் அவரிடம், "நீங்க வரலாம். மீன் வாசல்ல நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

பதினோராம் நாள் கழுத்து அசையவில்லை. டாக்டர் பட்டை மாட்டிவிட்டார். அடுத்த விசாரணைக்கு அந்தக் கழுத்துப் பட்டையின் மேலேயே வக்கீலுக்குரிய வெள்ளைப் பட்டியையும் கட்டிக்கொண்டு வந்தார். நீதிபதியைப் பார்ப்பதற்கு உடம்பையே திருப்ப வேண்டியிருந்தது.

"ஐயா, நானே பத்து நாள் கூடை சுமந்து பார்த்தேன். யாரும் வாங்கல" என்று ஆரம்பித்தார். பிரமாதமாகப் பேசினார். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அவர் முடிக்கும்வரை காத்திருந்த கம்பெனி வக்கீல் மெல்ல எழுந்தார்.

"ஐயா, வாதாடுற வக்கீலே சாட்சியும் சொல்ல முடியாது."

நீதிபதி யோசித்தார். "அவர் சொல்றது சட்டப்படி சரி. நீங்க வழக்கறிஞர். உங்க கூடை சாட்சியம் ஆகாது. நீங்க சொன்னது பதிவாகாது."

அவ்வளவுதான். பத்து நாளும், கழுத்தும், மீனும் ஒரே வரியில் போய்விட்டன. வெளியே வந்ததும் தேசராணி அவரைப் பிடித்துக்கொண்டாள். அன்று அவள் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"எங்க வாயால சொல்ல வேண்டியத நீ இன்னாத்துக்கு வக்கீலு உன் வாயால சொன்ன? முப்பது வருசமா நான் தூக்கிகினு கீறேன் இந்தக் கூடைய. நீ பத்து நாளு தூக்கிட்டு எனக்கே என் நோவ சொல்லிக் காட்டுற. எங்கள கேட்டிருந்தா நாங்க சொல்லியிருக்க மாட்டோமா?"

கழுத்துப் பட்டை இருந்ததால் அவரால் தலைகுனியக்கூட முடியவில்லை. அப்படியே நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று முழுக்க மாடியிலிருந்து ஒரு மனுவும் கீழே வரவில்லை.

இரண்டு வாரத்தில் ஒரு தபால் வந்தது. வக்கீல்களின் நடத்தையை விசாரிக்கிற குழுவுக்கு, கம்பெனி அதிகாரி ஒருவர் புகார் கொடுத்திருந்தார். வக்கீலாக இருப்பவர் வேறு தொழில் செய்யக் கூடாது. இவர் தெருத்தெருவாக மீன் வியாபாரம் செய்து தொழிலின் மானத்தையே வாங்கிவிட்டார். இவருடைய உரிமத்தைப் பறிக்க வேண்டும் என்று இருந்தது. கூடவே போட்டோக்கள். அவற்றோடு, கம்பெனியின் வாசல் காவலாளி சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலம். பத்து நாளும் அவரைப் பின்தொடரும்படி அந்தக் காவலாளியை அனுப்பியிருக்கிறார்கள். அவன் கேட் ரிஜிஸ்டர் எழுதுகிற ஆள். அதே பழக்கத்தில் மணி, நிமிஷத்தோடு எழுதியிருந்தான்.

வக்கீல் அதை என் கடையில் நின்றுகொண்டே படித்தார். இரண்டாம் பக்கத்தில் அவர் உடம்பு குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று எழுந்து போனேன். சிரித்துக்கொண்டிருந்தார், கழுத்து வலியில் "அம்மா, அம்மா" என்று முனகிக்கொண்டே சிரித்தார்.

"சிஸ்டர், இத நாலு காப்பி எடுங்க. பத்திரம். தங்கம் இது."

விஷயம் தெரிந்து அவருடைய நண்பரான ஒரு மூத்த வக்கீல் ஓடி வந்தார். "ஒண்ணும் பயமில்லய்யா. பத்து நாள்ல ஒரே ஒரு அரைக் கிலோதான் வித்துருக்கு. அந்த ஒரு வரிய மட்டும் மறுத்துடு. சும்மா குடுத்தேன்னு சொல்லு. விக்கலைன்னா வியாபாரம் இல்ல. தப்பிச்சிடலாம்."

"அந்த ஒரு வரி பொய்னு நான் சொன்னா மத்த வரியும் பொய்யாயிடுமே."

"உரிமம் போனா?"

வக்கீல் மூன்று பேனாவையும் எடுத்துப் பார்த்தார். அன்று முதலில் எடுத்ததே எழுதியது. பதிலை ஒரு துண்டுத்தாளில் எழுதி என்னிடம் நீட்டினார். ஒரே வரி: 'புகாரோடு இணைத்துள்ள வாக்குமூலத்தில் கண்ட ஒவ்வொரு வாக்கியமும் உண்மை.'

"இத டைப் அடிக்க மாட்டேன் சார்" என்றேன். பதினோரு வருஷத்தில் அப்படிச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

"ஏழு தடவை திருத்துறவன் இன்னிக்கு ஒரே தடவைல முடிச்சிருக்கேன். அடிங்க சிஸ்டர்."

அடித்தேன்.

அடுத்த விசாரணையில் அவர் பேசவில்லை. வழக்கிலிருந்து வக்கீலாக விலகிக்கொள்வதாக எழுதிக் கொடுத்துவிட்டு, பெண்களோடு பின்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். தேசராணி எழுந்து முன்னால் போனாள். கையில் நான் காப்பி எடுத்த அந்தப் புகார்க் கட்டு.

"ஐயா, எங்க கிட்ட கணக்கு கேட்டாங்க. இதா கீது கணக்கு. எங்க ஆளு யாரும் எழுதல. அவுங்க ஆளு எழுதனது. எனக்குப் படிக்கத் தெரியாது. இந்த டைப்புக்கார யக்கா படிக்கட்டும்."

நீதிபதி தலையசைத்தார். ரோஜாத் தோரணத்தின் கீழே நின்று படித்தேன்.

"'முதல் நாள். காலை 8.40. மேற்படி வக்கீல் தலையில் மீன் கூடையுடன் தெருவில் நுழைந்தார். உடன் தேசராணி என்பவரும் இன்னும் நான்கு பெண்களும். 8.52. மூன்றாம் வீட்டுப் பெண்மணி எண்ணெய் மீன் வேண்டாம் என்று கதவைச் சாத்தினார். மேற்படி வக்கீல் சாத்திய கதவிடம் ஐந்து நிமிடம் வாதாடினார். 1.15. அனைவரும் நிறைந்த கூடையுடன் திரும்பினர்.'"

கூடம் சிரிக்க ஆரம்பித்தது. நான் நிறுத்தாமல் படித்தேன். இரண்டாம் நாள், மூன்றாம் நாள், எத்தனை கதவு, யார் என்ன சொன்னார்கள், எத்தனை மணிக்கு நிறைந்த கூடையோடு திரும்பினார்கள்.

"'ஆறாம் நாள். 10.20. பச்சை கேட் வீட்டுப் பெரியவர் தம் பூனைக்கு என்று அரைக் கிலோ சங்கரா மீன் விலைக்கு வாங்கினார். பத்து நாளில் நடந்த ஒரே விற்பனை இது. 10.31. மேற்படி பூனை முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.'"

நீதிபதி ஒரு ஃபைலை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். ஃபைல் ஆடியது. கொஞ்ச நேரம் கழித்துக் கீழே வைத்தார். முகம் சரியாகிவிட்டிருந்தது.

கம்பெனி வக்கீல் எழுந்தார். "ஐயா, அது வேற நோக்கத்துக்காகக் கொடுத்த வாக்குமூலம்."

"நோக்கம் வேறயா இருக்கலாம். மீன் அதே மீன்தானே? உங்க ஆள் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கார். இது உண்மையா, பொய்யா? உண்மைன்னா இந்தப் பெண்களுக்கு நஷ்டம். பொய்னா நீங்க கொடுத்த புகாரே பொய். எதுன்னு சொல்லுங்க."

அந்த மெல்லிய குரல்காரர் முதல்முறையாகத் தண்ணீர் கேட்டார். யாரும் எழுந்து கொடுக்கவில்லை. கடைசியில் தேசராணிதான் தன் பாட்டிலை நீட்டினாள். "குடி நைனா. நல்ல தண்ணிதான்."

முப்பத்தெட்டுப் பெயரும் அந்த மாதமே பட்டியலில் ஏறின. ஈடு கைக்கு வந்து சேர இன்னும் ஒன்றரை வருஷம் ஆனது, அது வேறு. புகாரை விசாரித்த குழு வக்கீலையும் விடவில்லை. குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டிருந்ததால் மூன்று மாதம் தொழில் செய்யத் தடை விதித்தார்கள். கோட்டைக் கழற்றி என் கடை ஆணியில் மாட்டிவிட்டு, "வீட்ல வச்சா டீச்சர் துவைச்சிடுவா" என்றார்.

தடையின் முதல் வாரத்தில், முப்பது வயதுகூட ஆகாத ஒருவன் கடை வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. வக்கீல் அப்போது என் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், என் பேரு சம்பத்து. நாந்தான் சார் அந்த... வாக்குமூலம்."

வக்கீல் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "நீயா? என்ன எழுத்துப்பா! ஒரு பிழை இல்ல. பத்து நாள் எங்க பின்னால நடந்தியே, கால் வலிச்சுதா?"

"வலிச்சுது சார். வேலய விட்டுத் தூக்கிட்டாங்க சார். பூனைய எல்லாம் எவன்டா எழுத சொன்னான்னு கேக்கறாங்க. நடந்தத எழுதுனு சொன்னாங்க, எழுதினேன். அதுல இன்னா சார் தப்பு? எனக்கு ஒரு கேஸு போடணும் சார்."

"மூணு மாசம் நான் வக்கீல் இல்லப்பா."

"வெயிட் பண்றேன் சார்."

வக்கீல் என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். "வேணாம் சார்" என்றேன்.

"இல்ல சிஸ்டர், யோசிச்சுப் பாருங்க. இந்த மூணு மாசம் நான் வக்கீல் இல்ல. என்ன வேலை வேணா செய்யலாம். ஒருத்தனும் புகார் கொடுக்க முடியாது!"

சம்பத்தின் வழக்கு அடுத்த வருஷம் ஜெயித்தது. வேலையும் நின்றுபோன நாட்களின் சம்பளமும் கிடைத்தன. இப்போது அவன் மாதவரத்தில் சூப்பர்வைசராக இருக்கிறான் என்று கேள்வி. ஆனால் எனக்கு அந்தத் தீர்ப்பைவிட நன்றாக ஞாபகம் இருப்பது அதற்கு முந்தின ஒரு மத்தியானம்.

ஒரு கையெழுத்துக்காக ஸ்கூட்டரில் அவரைத் தேடிக்கொண்டு போனேன். மணலி ரோட்டில் ஒரு குடோன். வாசலில் நீலச் சட்டை, தலைக்குச் சின்னதான தொப்பி, கழுத்தில் விசில். விறைப்பாக எனக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

"யாரைப் பார்க்கணும்?"

"உங்களத்தான் சார்."

"ரிஜிஸ்டர்ல எழுதுங்க."

விளையாட்டு என்று நினைத்தேன். இல்லை. பெயர், வண்டி நம்பர், நேரம் எல்லாம் எழுதிய பிறகுதான் தாளை வாங்கினார். வெயில் கொளுத்தியது. உட்கார அங்கே ஒரு கல்கூடக் கிடையாது.

"பன்னெண்டு மணி நேரம் சிஸ்டர். உக்காந்தா தூங்கிடுவோமாம். அதனால நாற்காலி கிடையாது. நாலு மணிக்கு மேல கால் நம்மளது இல்ல" என்றார், ஏதோ புதையல் கிடைத்தவர் மாதிரி.

"கோர்ட்ல இதச் சொன்னா பதிவாகாது சார்" என்றேன். எனக்கும் கொஞ்சம் கோபம்.

"தெரியும். நான் சொல்லப்போறதில்ல. சம்பத்து சொல்லுவான். அவன்கிட்ட என்ன கேக்கணும்னு எனக்குத் தெரியணும்ல?"

அதற்குள் ஒரு டேங்கர் லாரி மூக்கை நுழைத்து ஹாரன் அடித்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "யோவ் பெருசு, இன்னா அங்க பேச்சு? கதவத் தொறயா!"

நீதிபதிகளிடமே ஒரு நிமிஷம் இருங்கள் என்று சொல்லிவிட்டுப் பேனா தேடுகிற மனிதர், "இதோ வந்துட்டேன்" என்று தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.